பழைய டெக் கேசட்டிலிருந்து நிகழ்ச்சியை மீட்க: கடையா, டாங்கிளா, ஆர்.எஃப். பதிவா?

பரணில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சியை எடுக்க சேலத்தில் இன்று மூன்று வழி உண்டு. கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் கொடுத்து பென் டிரைவில் வாங்கலாம். ஒரு டெக்கும் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.), அதன் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் சின்னக் கருவியான யுஎஸ்பி கேப்சர் டாங்கிளும் வைத்து நாமே மாற்றலாம். இல்லையென்றால் டெக்கின் மூடியைக் கழற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட் எடுக்கிற சிக்னலை அது படமாவதற்கு முன்பே பிடித்துக் கணினியில் சேமிக்கலாம்; இதுதான் ஆர்.எஃப். பதிவு. நாங்கள் மூன்றாவதற்குப் போனவர்கள். அதனால் எங்கள் சார்பும் அந்தப் பக்கம்தான்.

எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆரம்பகாலத் தொலைக்காட்சி பெரும்பாலும் நேரலை. கேமரா பார்த்தது நேரே டவருக்குப் போனது, எங்கும் தங்கவில்லை. 1956-ல் அமெரிக்க நிறுவனமான ஆம்பெக்ஸ் 2 அங்குல வீடியோ டேப்பைக் கொண்டுவந்த பிறகும் டேப் விலை அதிகம் என்பதால் நிலையங்கள் அழித்து அழித்து மறுபடி பதிந்தன. பிபிசியே பல தொடர்களை இப்படித்தான் இழந்தது. சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. இங்கே வீட்டு டெக் பரவியதோ 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டும் கலர் ஒளிபரப்பும் வந்த பிறகு. ஆகவே அந்த முதல் ஏழு வருஷத்து நிகழ்ச்சிகளை வீட்டுக் கேசட்டில் தேடிப் பயனில்லை. நிலையத்தின் டேப்பிலோ 16 மி.மீ. ஃபிலிமிலோ இருந்தால் உண்டு. அதற்குப் பிந்தைய ‘ஒலியும் ஒளியும்’, செவ்வாய்க்கிழமை நாடகம் போன்றவைதான் வீடுகளில் தேறக்கூடியவை.

மேலே வேறொன்று பதிந்திருந்தால் போனது போனதுதான். பதியும்போது நாடாவின் முழு அகலத்தையும் அழிக்கிற ஹெட் ஒன்று டெக்கில் முன்னால் நிற்கிறது. அதைத் தாண்டிய இடத்தில் எந்த மென்பொருளாலும் எதையும் எடுக்க முடியாது. ஆனால் இ-180 கேசட் 3 மணி நேரம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் பதிந்த கேசட்டின் கடைசி அரை மணியில் பழையது அப்படியே இருக்கலாம். படம் முடிந்ததும் நிறுத்தாமல் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். லேபிளை நம்பவே வேண்டாம்.

கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் முடியும், செலவு குறைவு. கல்யாணக் கேசட்டுக்கு அது போதும். கொடுக்கும்போது 4:3 அளவிலேயே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 16:9-க்கு இழுத்து எல்லோர் முகத்தையும் அகலமாக்கித் தருவார்கள்.

டாங்கிள் வழியில் கருவி மலிவு, தொந்தரவு வேறு இடத்தில். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் படத்தின் ஒரு வரி 64 மைக்ரோ நொடி. பழைய நாடா இழுபட்டும் சுருங்கியும் ஓடுவதால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும். பிக்சர் டியூப் டிவி இந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், டாங்கிள் சமாளிக்காது. படத்தின் மேல்பகுதி ஒருபக்கமாக வளையும், ஃப்ரேம் விடுபடும், ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு உதட்டைவிட்டு விலகிவிடும். டெக்குக்கும் டாங்கிளுக்கும் நடுவே பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டரை, பதியாமல், வெறும் வழியாக மட்டும் வைத்தால் வரிகள் நேராகும். பழைய சாமான் கடையில் அகப்பட்டால் விடாதீர்கள். மென்பொருளில் பால்-பி, 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், இன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒரு வரியாகப் படம் வரும் முறை) நீக்காமல். டெக் மெனுவில் ப்ளூ பேக் இருந்தால் அணைத்துவிடுங்கள். சிக்னல் ஒரு கணம் தளர்ந்தாலும் நீலத்திரை வந்து, மங்கலாகவாவது தெரிந்திருக்க வேண்டிய படத்தை மூடிவிடும்.

இவ்வளவும் நல்ல கேசட்டுக்குத்தான். மூன்றில் எது என்பதை எங்களுக்கு முடிவு செய்தது பூஞ்சை. சேலத்தை அடுத்த மலையான ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் மாதக்கணக்கில் அலமாரிக்குள் ஈரம் போகாது. மலைவீட்டுக் கேசட்டை எடுத்து அதன் கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள்: கறுப்பாகப் பளபளக்க வேண்டிய நாடாச் சுருளின் மேல்முகத்தில் சாம்பல் தூவினாற்போல் வெள்ளை வளையம் தெரியும். இதை அப்படியே டெக்கில் போட்டால் வித்து ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பலருடைய கேசட்டும் ஒரே டெக்கில் ஓடும் கடைக்கு இதை எடுத்துப் போவது நமக்கும் நல்லதல்ல, அடுத்தவருக்கும் நல்லதல்ல.

மலையிலிருந்து இறக்கியதும் போடவும் கூடாது. குளிர்ந்த நாடா சேலத்து வெக்கையில் வியர்க்கும், ஈர நாடா, ஹெட் பொருத்திய சுழல் உருளையான டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். காற்றுப்புகாத பையில் சிலிக்கா ஜெல்லுடன் கட்டி, ஒரு நாள் பிரிக்காமல் வையுங்கள். பூஞ்சை இருந்தால் உலர இன்னும் பல நாள் ஆகும். வெயிலில் காயவைக்காதீர்கள். அடுப்பில் சுடச் சொல்லும் யோசனை சில பழைய ஸ்டுடியோ டேப்புகளின் பசைக் கோளாறுக்கானது, இதற்கல்ல.

உலர்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியிடத்தில், கேசட்டின் அடிப்பக்கத்து 5 திருகாணிகளையும் கழற்றித் திறக்கலாம். சுருளின் விளிம்பை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். பிறகு இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய ஓட்டை டெக்கில் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி எடுக்க வேண்டும். நல்ல டெக்கின் ஹெட்டைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி ஆகாது. இழை மாட்டி ஹெட் முனை உடைந்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை டிரம்மின் மேல் அசையாமல் வைத்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அப்படிப்பட்ட நாடா நன்றாக ஓடுவது ஒருமுறையோ இருமுறையோதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் காந்தப்பூச்சு கொஞ்சம் உதிரும். டாங்கிளில் ஏதாவது அமைப்பு தப்பினால் திரும்ப ஓட்ட வேண்டும். ஆர்.எஃப். பதிவில் வேண்டாம், ஹெட் தொட்டது எல்லாம் கோப்பில் இருக்கிறது. வரிகளை நேராக்குவது, விட்டுப்போன புள்ளிகளை நிரப்புவது, நிறத்தைப் பிரிப்பது எல்லாம் பிறகு மென்பொருளில் நடக்கும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

டெக் பலகையில் ஆர்.எஃப். (RF), பி.பி. எஃப்.எம். (PB FM) அல்லது என்வ் (ENV) என்று அச்சிட்ட சோதனைப் புள்ளியைத் தேடுங்கள். பால் வி.எச்.எஸ்.ஸில் அங்கே வெளிச்சப் பகுதி 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். ஆகவும், நிறம் 627 கிலோஹெர்ட்ஸிலும் இருக்கும். புள்ளியிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மெல்லிய கோஆக்ஸ் வயர், அதன் உறை பக்கத்து எர்த்தில், மறுமுனை பின்பக்க பி.என்.சி. சாக்கெட்டில். பவர் சப்ளை பக்கம் கை போகக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள பெரிய கெப்பாசிட்டர் அடிக்கும். கணினியில் கோனக்சன்ட் சிஎக்ஸ்2388 வகை சிப் உள்ள பழைய டிவி கார்டு, லினக்ஸில் சிஎக்ஸ்ஏடிசி டிரைவர், பதிந்த சிக்னலைப் படமாகப் பிரித்தெடுக்க விஎச்எஸ்-டிகோட் என்ற மென்பொருள்.

செலவு பணத்தைவிட இடத்திலும் நேரத்திலும்தான். நொடிக்கு 28.6 மெகாபைட் வீதம் மணிக்கு 100 ஜிபிக்கு மேல் போகும், எதையும் இழக்காத எஃப்எல்ஏசி சுருக்கத்தில் ஏறக்குறைய பாதியாகும். நொடிக்கு 5 ஃப்ரேம் வேகத்தில் பிரித்தால் 3 மணி நேரக் கேசட்டுக்கு 15 மணி நேரம். டெக்கின் டிராக்கிங் (ஹெட் நாடாவின் பதிவுக் கோட்டிலேயே ஓடுவது) சரியில்லையென்றால் இந்த வழியும் கைகொடுக்காது, ஹெட் படிக்காததை யாரும் பிரிக்க முடியாது.

பதிவு அப்படியே இருந்தால் பின்னால் வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. தொலைக்காட்சி முன்னோடி ஜான் பேர்ட் 1927-28-ல் தன் 30 வரித் தொலைக்காட்சி சிக்னலை இசைத்தட்டில் பதிந்தார். அவர் காலத்தில் அதைத் திரும்பப் படமாக்க முடியவில்லை. 1980களில் டொனால்ட் மெக்லீன் கணினியில் ஏற்றி முகங்களை வரவழைத்தார். பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரின் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் பிரதி ஒன்றில் தங்கியிருந்த நுண்புள்ளிகளிலிருந்து 2008-ல் நிறத்தையே மீட்டார்கள்.

ஒலி விஷயத்தில் எங்கள் கை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. சாதாரண ட்ராக்கை டெக்கின் ஆடியோ அவுட்டிலிருந்து தனியே பதிந்து பிறகு படத்தோடு பொருத்துகிறோம், நீளக் கேசட்டில் சற்று நழுவுகிறது. 1.4, 1.8 மெகாஹெர்ட்ஸில் வரும் ஹை-ஃபை ஒலியை ஆர்.எஃப்.-ஆகவே பிடிப்பதைச் சில கேசட்டில்தான் பார்த்திருக்கிறோம். பீட்டா, யு-மேட்டிக் போன்ற வேறு வகைக் கேசட் கையில் இருப்பவர்கள் நாங்கள் சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அலைவரிசையும் டெக்கும் வேறு, அவற்றை ஓட்டிப் பழகியவரிடம் கேட்பதே சரி.