மாற்றியதாக பில், கழற்றவே இல்லை போல்ட்! பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி தூக்கமில்லை. ஆத்திரத்தோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது என் மூன்று மாதச் சம்பளம். உங்களுக்கும் இது நடக்காமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே தனிப் பட்டறை என்று போர்டு மாட்டியிருக்கும் இடம். சுவர் முழுக்க பந்தயப் படங்கள், வாசலில் உறை போட்டு மூடிய இரண்டு அழகான வண்டிகள். அந்த வகை என்று புரிந்துகொள்ளுங்கள், போதும்.

என் வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வெளிவந்த முதல் தலைமுறை, ஹெட்லைட் எழுந்து நிற்குமே, அது. என்னுடையது 1996 மாடல். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். பின்பக்கமும் டபுள் விஷ்போன்தான்: ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், அவை மடங்கும் இடங்களில் ரப்பர் புஷ். ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக் அப்சார்பர். கால் நூற்றாண்டு தாண்டிய ரப்பர் எதுவும் ரப்பராக இருக்காது. அதில் வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலில் வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் பின் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் தேய ஆரம்பித்தன. பயந்தது மூன்றாவதுக்குத்தான். வளைவில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் லேசாக வெளியே நழுவுகிற மாதிரி ஒரு உணர்வு. புஷ் தளர்ந்துபோனால் ஆர்ம் அங்குமிங்கும் அசையும். சக்கரம் பார்க்கும் திசையே சுமைக்குத் தகுந்தபடி மாறும். பின் சக்கர வண்டியில் இதை வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. அதனால்தான் நல்ல இடமாகத் தேடினேன். தேடித் தேடிப் போய் விழுந்தேன்.

அந்த முதல் நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பட்டறைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையன்களைக் கூப்பிடாமல், அந்தச் சட்டையோடு அவரே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஒரு கம்பியை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். “சார், குனிஞ்சு பாருங்க” என்றார். டார்ச் வெளிச்சத்தில் புஷ்ஷைச் சுற்றி வாய் பிளந்த மாதிரி வெடிப்பு. கம்பி அசைய அசைய அந்த வாய் திறந்து மூடியது. “இதை இப்படியே விட்டா ஒரு நாள் வண்டியோட பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டுப் போகும்” என்று சிரித்தார். எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் கிரீஸ். அதை அவர் தட்டிக்கூட விடவில்லை. அந்தக் கிரீஸ் கறையைப் பார்த்துத்தான் நம்பினேன். இவ்வளவு ஈடுபாடு உள்ளவர் ஏமாற்றுவாரா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பட்டியல் எழுதினார். இரண்டு பக்கமும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் புஷ் எல்லாம். பின் ஷாக் இரண்டு, அவற்றை மேலே பிடிக்கும் டாப் மவுன்ட், ஷாக் அடிவரை இறங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப். வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராட் இரண்டு. கடைசியாக நான்கு சக்கர அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரியாக வைப்பது. “கீழ் ஆர்மோட கேம் போல்ட் துருப்பிடிச்சு இறுகியிருக்கும் சார், அறுத்துத்தான் எடுக்கணும், அதுக்கும் புதுசு போட்டுடறேன்” என்றார். இது சரியான பேச்சு. இந்த வண்டியில் பின் சக்கரத்தின் கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு), டோ (அது உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் திசை) இரண்டையும் திருப்பி வைப்பது அந்தக் கேம் போல்ட்டுகள்தான். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை இன்னும் கூடியது. ஏமாற்றுகிறவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை, பாருங்கள்.

பாகங்களை வரவழைக்க வேண்டும், முழுப் பணமும் முன்கூட்டியே என்றார். கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம், ஒரே தடவையில். “ஒரு வாரம்” ஐந்து வாரமானது. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில், பட்டறை மூடப்போகிற சமயத்தில் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன், ஷாக் இரண்டும் கன்னங்கரேலென்று பளபளத்தன. புது லிங்க் ராட் கண்ணுக்குத் தெரிந்தது. பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டேன். “பழைய இரும்புக்காரர் காலையிலதான் எடுத்துட்டுப் போனார் சார்.” சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் சத்தம் இல்லை. பின்பக்கம் ஒரு விரல் அளவுக்கு உயர்ந்து நின்றது போலிருந்தது. மூன்றாவது வாரம் அதே ‘டொக்’.

போன் செய்தேன். “புதுப் பாகம் சார், செட்டாகணும், இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க.” ஓட்டினேன். பின்பக்கம் உயரமாக இருக்கிறதே என்றேன். “புது ஷாக் அப்படித்தான் தூக்கி நிக்கும்.” அடுத்த வாரம் சத்தத்துக்கு டயர் காரணம் என்றார். அப்புறம் ரோடு காரணம். அப்புறம் எனக்குக் காது கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறதாம்: “பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு எல்லா சத்தமும் பயமாத்தான் இருக்கும்.” நேரில் போனபோது அவர் வெளியே போயிருக்கிறார் என்றான் பையன். அவருடைய செருப்பு உள்ளறை வாசலில் கிடந்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. கடைசியாக வந்த ஒரே பதில் ஒரு கைகூப்பும் பொம்மை. மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு பொம்மை!

நேற்று வேறு ஒருவரிடம் போனேன். அலைன்மென்ட் மட்டும் பார்க்கும் பெரியவர். போர்டில் எந்தப் பந்தயப் படமும் இல்லை. சக்கரம் தரையில் நிற்பது போலவே ஏற்றி நிறுத்தும் ராம்ப் அவரிடம் இருக்கிறது. வண்டியை ஏற்றிவிட்டு முதலில் கேம் போல்ட்டில் ஸ்பேனர் போட்டார். அசையவில்லை. நீள ஸ்பேனர் போட்டார். அசையவில்லை. விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை யாரும் தொட்டதே இல்ல” என்றார். நட்டின் முனைகளில் பழைய மண் கல்லாகப் படிந்திருந்தது. போல்ட்டும் உள்குழாயும் ஒரே துருக் கட்டி. அந்தப் போல்ட் வெளியே வராமல் கீழ் ஆர்ம் கழன்று வராது. ஆர்ம் கழன்று வராமல் புஷ் மாறாது. பில்லில் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்து ஷாக். அவர் நகத்தால் சுரண்டினார். கறுப்புத் தோல் உரிந்து வந்தது. அடியில் செதில் செதிலாகத் துரு. ஒரு பக்கத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. கசிகிற ஷாக்கின் மேல் அப்படியே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். கழற்றாமல், வண்டியில் மாட்டியபடியே! ஸ்பிரிங் சுருள்களின் உள்பக்கமும் பிரேக் ஹோஸின் மேலும் கறுப்புப் புள்ளிகள் தெறித்துக் கிடந்தன. பிரேக் ஹோஸைக்கூட ஒரு பேப்பர் சுற்றி மூடத் தோன்றவில்லை அந்தப் புண்ணியவான்களுக்கு.

“டிக்கியைத் திற” என்றார் பெரியவர். இந்த வண்டியில் பின் ஷாக்கின் தலைப்பகுதி டிக்கிக்குள் ஓர மறைப்புக்குப் பின்னால் இரண்டு நட்டில் நிற்கிறது. ஷாக்கை எடுக்க வேண்டுமானால் அந்த நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மறைப்பை விலக்கினோம். ஒரு நட்டிலிருந்து இன்னொரு நட்டுக்குச் சிலந்தி வலை கட்டியிருந்தது. தூசி படிந்து பழுப்பேறிய, பழைய வலை. இதைப் பார்க்க ராம்ப்கூட வேண்டாம். சாவி வாங்கிய அன்று டிக்கியைத் திறந்து டார்ச் அடித்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

உண்மையில் புதுசு இரண்டே இரண்டு வகைதான். குனிந்தால் கண்ணில் படுகிற லிங்க் ராடும், மேல் ஆர்மின் புஷ்ஷும். அந்தப் புஷ்ஷையும் ஒழுங்காகப் போடவில்லை. ரப்பர் புஷ்ஷின் வெளிக்கூடு ஆர்மில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்; உள்குழாயைப் போல்ட் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும்; நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கும். எதுவும் வழுக்கிச் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். அதனால் வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது, அது நிற்கிற உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். நின்றாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. பெரியவர் ராம்பிலேயே மேல் போல்ட்டைத் தளர்த்தினார். ‘டங்’ என்று ஒரு சத்தம், உள்குழாய் தானாகத் திரும்பி நின்றது, பின்பக்கம் கண்முன்னால் இறங்கியது. புது ஷாக் தூக்கி நிற்கிறது என்றாரே, அந்த உயரம் இதுதான். சில வாரமே ஆன புஷ்ஷில் ஒரு ஓரம் கிழிந்திருந்தது.

இன்னொன்று. பில்லோடு ஒரு அலைன்மென்ட் தாளும் கொடுத்திருந்தார்கள். பச்சை நிறத்தில் எண்கள், பார்க்க அழகு. நானும் படிக்காமல் டாஷ்போர்டில் போட்டு வைத்திருந்தேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு வரியைக் காட்டினார்: பின் கேம்பர், ‘மாற்ற இயலாது’. இந்த வண்டியில் மாற்ற முடியும் என்று இப்போதுதானே சொன்னேன். யாருடைய வண்டித் தாளோ அது!

அங்கிருந்தே போன் போட்டேன். முதல் தடவையாக எடுத்தார். சிலந்தி வலையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “வேற ஆள் கைவச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல சார்” என்று வைத்துவிட்டார். கைவைத்தது மேல் போல்ட் ஒன்றில், அதுவும் பத்து நிமிஷத்துக்கு முன்னால். சிலந்தியும் வேற ஆள்தான் போலிருக்கிறது.

பணம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. மூன்று மாதச் சம்பளம் போனது போனதுதான். பில், போட்டோ, அந்தத் தாள் எல்லாவற்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். புகார் கொடுப்பேன், அது தனிக் கதை. அதைவிட எரிகிறது என்ன தெரியுமா? இத்தனை வாரமும் சரியாகிவிட்டது என்று நினைத்து அந்த வண்டியில் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வளைவுகளில் போயிருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு: முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வண்டியை விடுவதற்கு முன் பழைய ஷாக்கிலும் ஆர்மிலும் யாரும் பார்க்காத இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். கழற்றிய பாகங்கள் கையில் வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். இருட்டில் வண்டியை எடுக்காதீர்கள். “புஷ் போல்ட்டை எப்படி வைத்து இறுக்குவீர்கள்” என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாலியூரித்தேன் புஷ்ஷாக இருந்தால் உள்குழாய் தனியே சுழலும், அதற்கு இந்தக் கேள்வி அவ்வளவு பொருந்தாது. அங்கே கிரீஸ் வைத்தார்களா என்று பாருங்கள். அலைன்மென்ட் தாளில் வண்டியின் பெயரையும் தேதியையும் படியுங்கள். வெள்ளைச் சட்டையைப் பார்த்து மயங்காதீர்கள்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். வண்டி இப்போது பெரியவரிடம் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. நாளைக் காலை கேம் போல்ட்டை அறுக்கிறார். சாக்குப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் போய் உட்காரப் போகிறேன். எதற்கு என்று கேட்டார். கழற்றுகிற பாகங்களைப் போட என்றேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.