பிராக்ஸ்மாக்ஸில் ஆறு வருஷம்: கெஸ்ட் படுத்தபோதெல்லாம் நடந்தது

எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே சர்வர். 64 ஜிபி ரேம், இரண்டு எஸ்எஸ்டி இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் மிரராக, மேலே பிராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் (ஒரே மெஷினைப் பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்து ஓட்டும் மென்பொருள்), உள்ளே ஐந்து விஎம் (விர்ச்சுவல் மெஷின்). ஒன்றில் விண்டோஸ் சர்வரும் கணக்கு மென்பொருளும், மற்ற நான்கும் டெபியன் லினக்ஸ். கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ், படுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஆறு வருஷத்தில் பதினொரு பதிவு. அதில் ஸ்னாப்ஷாட்டுக்கு (விஎம்மின் ஒரு கண நிலையை அப்படியே பிடித்து வைப்பது) திரும்பிப் போய்ச் சரிசெய்தது இரண்டே இரண்டு. இதை வாங்க வைத்ததே ஸ்னாப்ஷாட் ஆசைதான் என்பதால் எண்ணிப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அதிகம் அலைக்கழித்தது மூன்றாவது பதிவு. மாதக் கடைசி, மதியம். கணக்கு சர்வர் திடீரென்று ஆஃப். புளூ ஸ்கிரீன் இல்லை, அப்டேட் ஓடவில்லை. ஆன் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 41, 6008 என்ற இரண்டு எண்கள். எதிர்பாராமல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அவை ஒன்றும் சொல்லாது. மறுநாளும் அதே கதை. விண்டோஸுக்குள்ளேயே இரண்டு நாள் தேடினேன்; டிரைவரை மாற்றினேன், ஆன்டிவைரஸைத் தூக்கினேன். மூன்றாம் நாள்தான் ஹோஸ்டின், அதாவது விஎம்களைத் தாங்கும் அசல் சர்வரின், லாகைப் பார்க்கத் தோன்றியது. ஒரே வரி: மெமரி தீர்ந்தது, கேவிஎம் ப்ராசஸ் (விஎம்மை ஓட்டுவது) கொல்லப்பட்டது.

விஎம் உள்ளே இருப்பவருக்கு அது முழு கம்ப்யூட்டர். ஹோஸ்டின் லினக்ஸ் கர்னலுக்கு அது இன்னொரு ப்ராசஸ், அவ்வளவுதான். ரேம் முட்டினால் பெரிய ஆளாகப் பார்த்து ஓஓஎம் கில்லர் வெட்டிவிடும். வெட்டுப்பட்டது விண்டோஸுக்குத் தெரியவே வழியில்லை. ரேமைத் தின்றது, டிஸ்கில் உள்ளதை வேகத்துக்காக ரேமில் வைத்துக்கொள்ளும் இசட்எஃப்எஸ் கேஷ். பழைய நிறுவல்களில் அது பாதி ரேம் வரை, எங்கள் கணக்கில் 32 ஜிபி வரை, எடுத்துக்கொள்ளும். நெருக்கடி வந்தால் விட்டுக்கொடுக்கும், ஆனால் எப்போதும் போதிய வேகத்தில் அல்ல. விஎம்களுக்கு நான் பிரித்துக் கொடுத்திருந்தது 40. கூட்டிப் பார்த்தால் விடை. கேஷுக்கு 8 ஜிபி என்று உச்சவரம்பு போட்டேன், பிறகு அந்தத் தொல்லை இல்லை. பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று அதுவே வைத்துவிடுகிறது. பழசை அப்கிரேடு செய்துகொண்டே வந்தவர்கள் கையால்தான் போடவேண்டும்.

கர்னல் பேனிக் (ஓஎஸின் மையமே மேலே போக முடியாமல் நின்றுவிடுவது) ஒன்று. அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன டெபியன், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லி நின்றது. பூட் பார்ட்டிஷன் நிரம்பி, பூட் ஆகத் தேவையான புது இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் எழுதப்படாமலே போயிருக்கிறது. வீட்டிலிருந்தபடி விஎம்மின் திரையைக் காட்டும் கன்சோலைத் திறந்து, கிரப் என்ற பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். தனி மெஷினாக இருந்திருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். இந்த ஒரு வசதிக்கே ஹைப்பர்வைசர் போட்ட காசு தகும். ஆனால் பேனிக்கின் முதல் வரிகள் திரையில் மேலே ஓடிப்போய்விடுகின்றன, காரணம் அங்கேதான் இருக்கும். அதற்குப் பின் எல்லா டெபியனிலும் அந்த வரிகளை டெக்ஸ்டாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல் போட்டுவிட்டேன்.

ஏழாவது பதிவு முழுக்க என் தப்பு. ஒரு விஎம்மை நிறுவும்போது வேகமாக முடியட்டும் என்று டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' ஆக்கினேன், திருப்பி மாற்ற மறந்தேன். கெஸ்ட் "டிஸ்கில் எழுதி முடி" என்று ஃப்ளஷ் அனுப்பும்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் "ஆச்சு" என்று பதில் சொல்வதுதான் அந்த மோடு. எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் கரன்ட் போனது, யுபிஎஸ் பேட்டரி ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருக்கிறதே, தேறிவிடும் என்று நினைத்தேன்; ஜர்னலே பொய் சொன்ன டிஸ்கை நம்பி எழுதப்பட்டது. டேட்டாபேஸ் நாசம். முந்தின ராத்திரி பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர், அரை நாள் பில்களைப் பேப்பரைப் பார்த்து மறுபடி அடித்தோம்.

விண்டோஸில் டிஸ்கை சாட்டா இணைப்பிலிருந்து, விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ இணைப்புக்கு மாற்றி, பூட் ஆகாமல் முழித்த கதையும் உண்டு. முதலில் 1 ஜிபி அளவில் ஒரு சும்மா டிஸ்கை விர்ட்ஐஓவாக மாட்டி, டிரைவர் ஏறியதும் பூட் டிஸ்கை மாற்றினால் போதும்.

இப்போது ஏதாவது விஎம் படுத்தால் ரீசெட் பக்கம் கை போகாது. முதலில் கன்சோல் திரையை ஒரு படம், அடுத்து ஹோஸ்ட் லாக், பிறகு படுத்த நிலையிலேயே ஒரு ஸ்னாப்ஷாட். பூட் ஆகாத டிஸ்கைக் கழற்றி நல்ல டெபியன் விஎம்மில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்து ரிப்பேர் செய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டுவேன். ரிப்பேரே கெடுத்துவிட்டாலும் திரும்பிப் போக இடம் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எனக்கு உண்மையாகக் கைகொடுப்பது இங்கேதான். பேக்கப்புக்கு மாற்றாக அதை நம்புகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதே டிஸ்கில்தானே இருக்கிறது! ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் இருந்து ஹோஸ்டோடு பேசும் சிறு மென்பொருள்) இல்லாமல் ஸ்னாப்ஷாட் எடுப்பதும் பிளக்கைப் பிடுங்கிய நிலையைப் படம் பிடிப்பதும் ஒன்றுதான். ஏஜென்ட் இருந்தால் பேக்கப் எடுக்கும் கணத்தில் ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்துவிடும்.

வாட்ச்டாக் வைத்துப் பார்த்தேன். ஹேங் ஆனால் தானே ரீசெட் ஆகும், காரணமும் கூடவே அழிந்துபோகும். பிரின்ட் சர்வரில் மட்டும் விட்டிருக்கிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது ஒரு விஎம்மை பேக்கப்பிலிருந்து வேறு விஎம் எண்ணில் ரீஸ்டோர் செய்து ஏற்றிப் பார்ப்பது வழக்கம். முதல் தடவை நெட்வொர்க் கேபிளைத் துண்டிக்கும் டிக்கைப் போட மறந்துவிட்டேன். ஒரே ஐபியில் இரண்டு கணக்கு சர்வர்கள். "அண்ணா, நேத்து போட்ட பில் ஒரு நேரம் இருக்கு, ஒரு நேரம் இல்ல" என்று ஃபோன் வந்த பிறகுதான் புரிந்தது. நோட்டில் அது பன்னிரண்டாவது பதிவு. கெஸ்ட் படுக்காததால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.