பால் (PAL) முறை வீடியோவை என்டிஎஸ்சி (NTSC) டிவிடி ஆக்க: வேகம் குறைப்பதா, ஃபிரேம்களைக் கலப்பதா?

இந்தியாவில் எடுத்த கல்யாண வீடியோவைக் கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு டிவிடியாக அனுப்பும்போது வரும் குழப்பம் இது. இரண்டு நாட்டிலும் டிவி, டிவிடி வீடியோ முறை வேறு. இங்கே பால் முறை: நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), படத்தின் அளவு 720×576 புள்ளி. அங்கே என்டிஎஸ்சி: 29.97 ஃபிரேம், 720×480. படத்தின் அளவை மாற்றுவது சுலபம், ஃபிரேம் கணக்குதான் படுத்தும்.

அசைவு
வேகம் குறைத்தால்: 25 ஃபிரேம் 23.976 ஆகும், 29.97-க்கு வேண்டிய மீதியைப் புல்டவுன் (படத்தின் சில பகுதிகளைத் திரும்பக் காட்டும் முறை) ஈடுகட்டும். ஒவ்வொரு ஃபிரேமும் முழுசாக, சுத்தமாக இருக்கும்.
கலந்தால் (அடுத்தடுத்த ஃபிரேம்களைச் சேர்த்துப் புது ஃபிரேம் செய்தால்): கை வீசும் இடத்திலும் கேமரா திரும்பும் இடத்திலும் நிழல் படியும்.

ஒலி
வேகம் குறைத்தால்: 60 நிமிடம் ஏறக்குறைய 62.5 நிமிடமாக நீளும். ஒலியையும் அதே அளவு இழுக்க வேண்டும். சுருதித் திருத்தம் போடாவிட்டால் நாதஸ்வரம் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு இறங்கிவிடும், கேட்கவே கஷ்டம்.
கலந்தால்: ஒலியைத் தொடவே வேண்டாம்.

நேரம்
இரண்டிலும் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும். கலப்பது இன்னும் மெதுவாக நடக்கும்.

சினிமா போல முழு ஃபிரேமாக எடுத்ததென்றால் வேகம் குறைப்பதே என் தேர்வு. பழைய டேப் கேம்கார்டரில் இன்டர்லேஸ்டாக (ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாக, இரண்டு ஃபீல்டாகப் பிரிந்து) எடுத்ததென்றால் கலப்பதுதான் சரி; முதலில் நொடிக்கு வரும் 50 ஃபீல்டையும் தனித்தனி ஃபிரேமாகப் பிரித்து, அப்புறம் என்டிஎஸ்சியின் 59.94 ஃபீல்டுக்குக் கொண்டுபோங்கள். பிரிக்காமல் உயரத்தைக் குறுக்கினால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.