கருங்காலிப் பிடி மடக்குக்கத்தி வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மடக்குக்கத்திக்குக் கருங்காலியில் பிடி போட்டு, பெயரும் பொறித்துத் தருகிறோம் என்று மதுரையில் ஒரு கடை விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. மாசி வீதிகளை ஒட்டிய ஒரு சந்தில் மாடியறைதான் கடை. வியாபாரம் முக்கால்வாசி இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் நடக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை எழுதுகிறேன். அது தெரிந்தால் இதே வேலையை வேறு ஊரில் வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

நான் கேட்டது ஓபினெல் 8-ம் நம்பர் கத்தி. பிரான்சில் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890-ல் செய்யத் தொடங்கிய கத்தி இது. பீச் (beech) மரத்தில் ஒரு பிடி, ஒரு அலகு, ஒரு ரிவெட், கழுத்தில் ஒரு பூண், அதன்மேல் திருப்புகிற ஒரு வளையம், அவ்வளவுதான். நம்பர் ஏற ஏற நீளமும் ஏறும். 6-க்கு 7 செ.மீ. அலகு, 8-க்கு 8.5, 10-க்கு 10. பழம் நறுக்க, கயிறு அறுக்க, தோப்பில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிய 8 போதும். நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவுக்குக் கொடுக்க நினைத்தேன். கடைக்காரர் வாட்ஸப்பில் சொன்னது: ஒரிஜினல் ஓபினெல், கார்பன் ஸ்டீல், அலகுக்குக் கறுப்பு பட்டினா (புளிப்பு பட்டு எஃகில் ஏறும் நிறம்), வைரம் பாய்ந்த கருங்காலியில் புதுப் பிடி, அதில் தமிழில் எழுத்து. விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பணம் ஜிபேயில். பில் கேட்டதற்கு, "கஸ்டம் வேலைக்குப் பில் போடுறதில்லண்ணே" என்றார்.

வாங்கப் போன அன்று மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அலகில் ஒட்டிக் காட்டினார். "பாருங்கண்ணே, கார்பன் ஸ்டீல். சில்வர்னா ஒட்டுமா?" இந்த வித்தையை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டு செய்கிற எவர்சில்வரில்தான் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. கத்தி செய்கிற துருப்பிடிக்காத எஃகு வேறு ரகம், அதில் நன்றாகவே ஒட்டும். ஓபினெல் தன் துருப்பிடிக்காத கத்திகளுக்குப் பயன்படுத்தும் 12சி27 எஃகிலும் ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டினால் அதில் இரும்பு இருக்கிறது என்று தெரியும், வேறொன்றும் தெரியாது.

எழுத்தைப் பார்த்தபோதே மனசு விட்டுப்போனது. "தோப்புக்காரர்" என்று பொறிக்கச் சொல்லியிருந்தேன். இரட்டைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தள்ளிப்போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "மெஷின்ல தமிழ் அப்படித்தாண்ணே வரும்" என்றார். வராது. லேசர் மெஷினுக்குத் தமிழை எழுத்தாகக் கொடுத்தால் சில மென்பொருளில் இப்படிக் குலையும், படமாக மாற்றிக் கொடுத்தால் ஒழுங்காக வரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற எந்தக் கடைப் பையனும் இதைச் சொல்வான். எங்கே பொறிக்கக் கொடுத்தாலும் முதலில் ஒரு துண்டுக் கட்டையில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, எழுத்துதானே என்று மாமாவிடம் கொடுத்தேன். அங்கேயே ஒரு கிளிமூக்கு மாங்காயைப் பறித்து நறுக்கினார். இரண்டாவது கீற்றிலேயே சதையில் கறுப்புத் தீற்றல். கையைப் பார்த்தால் உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு. "மாப்ள, இது கத்தியா, கண்மை டப்பாவா?" என்றார். அலகின் கறுப்பு மாங்காய்ப் புளிப்பில் கரைய, பிடியின் கறுப்பு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. துணியால் துடைத்தால் அலகு பளபளவென்று வெள்ளையாக வருகிறது.

உண்மையான கார்பன் எஃகு புளிப்பு பட்டால் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும், முதல் சில தடவை பழத்தில் இரும்பு வாடையும் வரும். அந்த நிறம்தான் பட்டினா. அது எஃகின் மேற்பரப்பே மாறி வருவது, துணிக்குப் போகாது. இந்த அலகை அதற்கப்புறம் அதே மாங்காயில் குத்தி ராத்திரி முழுக்க வைத்தும் மங்கவே இல்லை. கார்பன் ஸ்டீல் என்று சொல்லி, மட்டமான துருப்பிடிக்காத தகட்டுக்குக் கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சாயத்தோடு போயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த வளையத்துக்காகத்தான் எழுதுகிறேன். ஓபினெல்லில் 1955-லிருந்து இருக்கும் பூட்டு அது. கத்தியை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காமல் நிற்கும், திருப்பும்போதே இறுகுவது விரலுக்குத் தெரியும். இந்தக் கத்தியில் வளையம் வளையல் மாதிரி சுற்றுகிறது, எங்கேயும் இறுகவில்லை. மாமா ஒரு காய்ந்த கிளையைச் சீவும்போது பூட்டு தானாக நழுவி அலகு மடங்கி, ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ஆழமில்லை. ஆனால் நகத்தை ஒட்டிப் போயிருக்கிறது.

மதுரைக்குத் திரும்பி வந்து தெற்குவாசல் பக்கம் எனக்குத் தெரிந்த கடைசல் பட்டறைக்காரரிடம் காட்டினேன். கட்டில்கால் கடைசல் பிடிப்பவர். அவர் பிடியின் வெளிப்புறத்தைப் பார்க்கவே இல்லை. அலகு மடங்கி உட்காரும் காடிக்குள் டார்ச் அடித்தார். உள்ளே இளமஞ்சளாக வெள்ளை மரம். சாயம் காடியின் வாய் வரைக்கும் போய் நின்றிருந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லால் பிடியின் அடிப்பக்கத்தை நாலு இழுப்பு இழுத்ததும் அங்கேயும் அதே வெள்ளை. "ரப்பர் மரமா இருக்கலாம், வேற எதுவா வேணாலும் இருக்கலாம். கருங்காலி மட்டும் இல்ல தம்பி" என்றார். பழுதான ரிவெட்டைத் தட்டி எடுத்தபின் பிடியை மட்டும் வாளித் தண்ணீரில் போட்டோம், தக்கையாக மிதந்தது. வைரம் பாய்ந்த கருங்காலி மூழ்கும். (மூழ்குகிற மரமெல்லாம் கருங்காலி என்று ஒருவரும் கிளம்ப வேண்டாம். கருங்காலி மாலை விற்கிறவர்கள் இதை வைத்தே பாதி ஊரை ஏமாற்றியாயிற்று.)

அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரிக் கத்திக்கு நிஜமாகவே புதுப் பிடி போடுவதென்றால் கட்டையைக் கடைய வேண்டும், காடி நேராக அறுக்க வேண்டும், பழைய ரிவெட்டை எடுத்து அலகையும் கழுத்துப் பூணையும் ஆட்டமில்லாமல் உட்கார வைக்க வேண்டும். கழுத்தில் மயிரிழை கூடக் குறைய இருந்தால் வளையம் பிடிக்காது. நாலாயிரத்துக்குள் கத்தி, கருங்காலி, இந்தக் கூலி எல்லாம் எப்படி அடங்கும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே "கஸ்டம்" என்ற சாக்குதான். ஒரிஜினல் அலகில் முடிசூடிய கை முத்திரை இருக்கும். 1909-லிருந்து அதுதான் அவர்கள் அடையாளம். கூடவே கார்பன் எஃகு என்றால் கார்போன், துருப்பிடிக்காதது என்றால் இனாக்ஸ் என்று பிரெஞ்சில் அடித்திருக்கும். என் கத்தியில் ஒன்றுமே இல்லை. கேட்டால், "கிளீன் லுக்குக்காகத் தேய்ச்சு எடுத்துட்டோம்ணே." பிடியை மாற்றினேன் என்று சொல்லிப் பிடியின் முத்திரை போயிற்று, பட்டினா போட்டேன் என்று சொல்லி எஃகின் அடையாளம் போயிற்று. மிச்சம் இருப்பது எந்தப் பட்டறையில் செய்தது என்று யாரும் சொல்ல முடியாத ஒரு கத்தி. திருப்பிக் கொடுக்கப் போனால், "பேர் போட்டாச்சே, கஸ்டம் ஆர்டர் ரிட்டர்ன் இல்ல." போலியை மறைப்பதும் அதே வேலை, திருப்பி வாங்காமல் இருக்கச் சாக்கும் அதே வேலை.

இந்தச் சாக்கு சட்டத்தில் நிற்காது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திருப்பி வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. இதைச் சொன்னதும் ஆள் குரல் மாறியது. "போலீசுக்குப் போங்க, கத்தி வச்சிருந்ததுக்கு உங்க மேலதான் கேஸ் விழும்" என்றார். இதற்குப் பயந்து எத்தனை பேர் பேசாமல் போனார்களோ. ஆயுதச் சட்டத்தின் விதிகளில் உரிமம் பற்றிய பேச்சு வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 8.5 செ.மீ. என்பது மூன்றரை அங்குலம்கூட இல்லை. அதற்காகக் கோயில் சோதனை வாசலுக்கோ விமானத்தில் கைப்பைக்குள்ளோ கொண்டு போகாதீர்கள், அது வேறு விஷயம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். வாட்ஸப் உரையாடல், ஜிபே ரசீது, கறுப்புக் கையின் படம், காடிக்குள் வெள்ளை மரம் தெரியும் படம் எல்லாம் வைத்திருந்தேன். அப்புறம் கடையிலிருந்து பாதிப் பணம் திரும்பி வந்தது, "இதோட முடிச்சுக்குவோம்ணே" என்ற செய்தியோடு. முடிக்கவில்லை. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கத்தி ஆசை உள்ளவர்களுக்கு: சாதா பீச் பிடிக் கத்தியாகவே வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பணம் கொடுக்குமுன் விரித்து, வளையத்தைத் திருப்பி, அலகின் முதுகில் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையவே கூடாது. கார்பனா துருப்பிடிக்காததா என்றால், நம்மூர் வியர்வைக்கும் புளிக்கும் எலுமிச்சைக்கும் என் ஓட்டு துருப்பிடிக்காததற்கு. கார்பனில் சாணை சுலபம், ஆனால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே துரு. எந்த ரகமானாலும் தண்ணீரில் ஊற விடாதீர்கள். மரம் ஊதி அலகு இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலைகாட்டும்.

அழகு வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வார்னிஷை 120 நம்பர் உப்புத்தாளில் எடுத்து, 240, 400 என்று போய், லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு மறுபடி தடவினால் பிடி தேன் நிறத்துக்கு வரும். கழுத்துப் பக்கம் மட்டும் உப்புத்தாள் போகக் கூடாது, வளையம் தளர்ந்துவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே பற்றிக்கொள்ளும், விரித்துக் கொடியில் போடுங்கள். கறுப்புதான் வேண்டும் என்றால் அதற்கும் யோக்கியமான வழி இருக்கிறது. பால் இல்லாத கடும் டீயை மரத்தில் தடவிக் காயவிட்டு, வினிகரில் இரும்பு நார் ஊறிய தண்ணீரைத் தடவினால் மரம் தானே கறுக்கும். மேலே எண்ணெய் போட்டுவிட்டால் கையில் ஒட்டாது. மரத்தைக் கறுப்பாக்குவது ஒரு பழைய கைவேலை, அதில் தப்பே இல்லை. அதைக் கருங்காலி என்று விற்பதுதான் திருட்டு.

அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் போன வாரம் பெயர் மாறிவிட்டது. இப்போது "ஈட்டி மரப் பிடி" என்று போடுகிறார்கள். படங்கள் பழையவைதான், நிறத்தை மட்டும் கணினியில் சிவப்பாக மாற்றியிருக்கிறார்கள். கத்திக்கு அடியில் விரித்திருக்கும் நீலக் கட்டம் போட்ட துணியும் அதன் ஓரத்தில் உள்ள பீடிச் சூடும் அப்படியே இருக்கின்றன. அந்தத் துணியைப் பார்த்தால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.