ரேகை மெஷின் நாலு நாள் வாரத்துக்குத் தாங்குமா?

திருநெல்வேலி டவுன் ரதவீதியிலும் வண்ணார்பேட்டையிலும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, அல்வாக்கடை எதில் நுழைந்தாலும் சுவரில் ஒரு கருப்புப் பெட்டி தொங்கும். ஆட்கள் வந்து போகும் நேரத்தை விரல்ரேகை வைத்துப் பதியும் மெஷின் அது. ஆயிரம் விரல்ரேகை பதியும் சாதா ரகம். கணக்கைப் பென்டிரைவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஆறு நாள், தினம் 8 மணி நேரம் ஓடும் கடைக்கு இதில் பெரிய குறை இல்லை. ஆளுக்கு வாரம் 4 நாள், தினம் 10 மணி நேரம் என்று முறை வைத்தால்தான் உளற ஆரம்பிக்கும். கோளாறு பெட்டியில் இல்லை. கூட வரும் சாஃப்ட்வேரில் ஏற்கெனவே போட்டுத் தரும் அளவுகளில்.

காலை 9 முதல் இரவு 8 வரை ஷிஃப்ட் என்று வையுங்கள். சாப்பாட்டு நேரம் 60 நிமிடத்தைக் கழிக்கச் சொல்லாவிட்டால் 11 மணி நேரம் என்று காட்டும். முழுநாளுக்கு 8, அரைநாளுக்கு 4 என்று இருப்பதை 10, 5 என்று மாற்ற வேண்டும். இல்லையென்றால் சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பியவருக்கும் முழுநாள் விழும். தீபாவளி நேரத்தில் கடை நள்ளிரவைத் தாண்டும். நாள் மாறும் நேரத்தை 12-லிருந்து விடிகாலை 4-க்குத் தள்ளாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு நாளும் பாதிப் பதிவாக நிற்கும். பதிந்ததோ இல்லையோ என்று இரண்டாம் முறை விரல் வைப்பவர்கள் எல்லாக் கடையிலும் உண்டு. அந்த இரண்டாவது பதிவை ‘வெளியே போனார்’ என்று எடுத்துக்கொள்ளும். 5 நிமிடத்துக்குள் வரும் மறுபதிவைத் தள்ளிவிடும்படி வைத்தால் தீர்ந்தது.

ஓவர்டைம்தான் பெரிய வில்லங்கம். ஷிஃப்ட் 10 மணி நேரம் என்று போட்டதும் ஓவர்டைம் கட்டத்தில் பூஜ்யம் காட்டும். அண்ணாச்சிமாருக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது தப்புக் கணக்கு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதா வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10-ஐத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. தினம் 2 மணி நேரம் வீதம் 4 நாளைக்கு 8; அது இரட்டிப்பானால் 16. சாதா வேலை 32-உடன் சேர்த்தால் 48. ஆக, வேலை 40 மணி நேரம், கூலி 48 மணி நேரத்துக்கு! ஷிஃப்ட் எவ்வளவு நீளமானாலும் 8 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்று தனியாக வைக்க இடம் தரும் சாஃப்ட்வேரா என்று வாங்கும்போதே கேளுங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிட 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் அந்த மே தினத்தன்றே வாபஸ் ஆனது. அதைக் காட்டி 12 மணி நேர ஷிஃப்ட் போட்டுத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

விடுமுறையிலும் ஒரு ஓட்டை. ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்று பதிந்தால் 8 மணி நேரம்தான் வரவு வைக்கும். 10 மணி நேர ஆளுக்கு அந்த வாரம் 38 என்று நிற்கும். விடுமுறை வரவை ஷிஃப்ட் அளவோடு இணைக்கும் வசதி மலிவு ரகத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கையால்தான் திருத்த வேண்டும்.

வரும் நேரத்தை ஆளே தீர்மானிக்கும் ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இடங்களில் ‘லேட்’ கணக்கை அணைத்துவிட்டு மொத்த நேரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அல்வா கிண்டும் கைக்கும் பாத்திரம் தேய்க்கும் கைக்கும் ரேகை சட்டென்று விழாது. நெய்யும் ஈரமும் போகத் துடைத்து, இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரல் பதிந்து வைக்க வேண்டும். அதற்கும் மசியாத கைகளுக்கு முகம் பார்க்கும் மெஷின் வாங்கலாம். ஆனால் மேற்கு பார்த்த கடையில் வாசலோரம் மாட்டினால் சாயங்கால வெயிலில் யாரையும் அடையாளம் காணாது. நாலடி உள்ளே தள்ளி மாட்டச் சொல்லுங்கள்.