டிரிக்கர் ஆகியும் வெளியே வராத ஸ்டாப் லாஸ்: ஃபியூச்சர்ஸில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஸ்டாப் லாஸ் என்பது விலை எதிர்த்திசையில் போனால் நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர். "ஸ்டாப் லாஸ் போட்டும் அடிக்கவில்லை" என்று சொல்பவர்களின் ஆர்டர் புக்கைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் டிரிக்கர் அடித்திருக்கும், விற்பனைதான் நடந்திருக்காது. எஸ்எல் (ஸ்டாப் லாஸ்) ஆர்டரில் டிரிக்கர் (ஆர்டரை உயிர்ப்பிப்பது), லிமிட் (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்பது) என்று இரண்டு விலை. கடைசியாக வியாபாரமான விலை டிரிக்கரைத் தொட்டதும் அது சாதாரண லிமிட் ஆர்டராகிவிடும். அதற்குப் பிறகு, அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தான் உண்டு.

நிஃப்டி ஃபியூச்சர்ஸ் லாங்குக்கு (வாங்கி வைத்திருக்கும் பொசிஷனுக்கு) டிரிக்கர் 24,420, லிமிட் 24,415 என்று வையுங்கள். 24,422-இல் இருந்த விலை ஒரே மூச்சில் 24,408-க்கு இறங்கினால், உங்கள் விற்பனை 24,415-இல் தொங்கும். திரையில் 'டிரிக்கர் பெண்டிங்' என்றிருந்தது 'ஓப்பன்' என்று மாறியிருக்கும். இந்த ஒரு சொல்லைக் கவனிக்கப் பழகுவது எந்த இண்டிகேட்டரையும் விட முக்கியம். அப்போது புதிதாக விற்பனை ஆர்டர் போடவே கூடாது. இருப்பதையே மாடிஃபை செய்து லிமிட்டைக் கீழே இறக்க வேண்டும். புதிதாகப் போட்டு, விலை திரும்ப ஏறினால் இரண்டும் நிறைவேறி ஷார்ட்டில் (கையில் இல்லாததை விற்ற நிலையில்) நிற்பீர்கள்.

இந்தச் சிக்கல் அதிகம் படுத்துவது எம்சிஎக்ஸ் (கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச்) நேச்சுரல் கேஸில். வியாழன் இரவு 8 மணிக்கு (அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் 9 மணிக்கு) அமெரிக்க எரிவாயுக் கையிருப்பு அறிக்கை வரும். அதற்குச் சற்று முன்பே சந்தையில் காத்திருக்கும் ஆர்டர்கள் குறைந்துவிடும். அறிக்கை வந்த நொடியில் விலை பல டிக்குகளை (விலை நகரும் மிகச் சிறிய படிகளை) தாண்டிக் குதிக்கும். டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் 50 காசு இடைவெளி வைத்தால் அங்கே போதாது. ஒரு லாட் (குறைந்தபட்ச வியாபார அளவு) 1,250 எம்எம்பிடியு (எரிவாயுவை அளக்கும் அலகு), அதாவது ஒரு ரூபாய் நகர்ந்தால் 1,250 ரூபாய். 3 ரூபாய் இடைவெளி வைத்தால் மோசமான நிலையில் 3,750 ரூபாய் கூடுதலாகப் போகும். மாட்டிக்கொண்டு நிற்பதை விட அது மேல்.

எஸ்எல்-எம் (லிமிட் இல்லாமல், டிரிக்கர் ஆனதும் கிடைக்கும் விலைக்கே போகும் ஸ்டாப்) போட்டால் தீராதா? என்எஸ்இ 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு அதை நிறுத்தியது. பிஎஸ்இ 2023 அக்டோபரில் முழுவதுமாகவே நிறுத்தியது. ஃபியூச்சர்ஸில் கிடைக்கும் இடத்திலும், பல புரோக்கர்கள் மார்க்கெட் ஆர்டரைப் பாதுகாப்பு விலையோடு (இதைத் தாண்டிப் போகாது என்ற எல்லையோடு) லிமிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். அதுவும் தொங்கலாம்.

எஸ்எல் ஆர்டர் அன்றைய நாளோடு காலாவதி. இரவு தாண்டி வைக்கும் பொசிஷனுக்கு ஜிடிடி (சொன்ன விலை வரும்வரை பல நாள் காத்திருக்கும் ஆர்டர்) போடுவார்கள். அது எக்ஸ்சேஞ்சில் இருப்பதில்லை, புரோக்கரின் சர்வரில் காத்திருக்கும். காலையில் 150 புள்ளி கேப் டவுன் (முந்தைய முடிவை விடக் கீழே திறப்பது) வந்தால் டிரிக்கர் ஆகி, பழைய லிமிட்டோடு ஆர்டர் போய் நிற்கும். ஜிடிடி தன் வேலை முடிந்ததென்று மறைந்துவிடும். சந்தை மூடியிருக்கும்போது எந்த ஸ்டாப்பும் உதவாது. 2020 ஏப்ரல் 20 அன்று ஊரடங்கு நேரப்படி எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கு மூடியபோது கச்சா எண்ணெய் 965 ரூபாய். இரவில் நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போக, இங்கே செட்டில்மெண்ட் (இறுதிக் கணக்குத் தீர்க்கும் விலை) மைனஸ் 2,884 ரூபாய் ஆனது.

டார்கெட்டையும் (லாபத்தில் விற்கும் ஆர்டரையும்) ஸ்டாப்பையும் தனித்தனி ஆர்டராகப் போடுபவர்களுக்கு வேறொரு தொல்லை. இரண்டாவது ஆர்டரைப் புது ஷார்ட்டாகக் கணக்கிட்டு மார்ஜின் (முன்பணம்) கேட்கும். பணம் இல்லையென்றால் ரிஜெக்ட். பணம் இருந்து இரண்டும் நின்றால், டார்கெட் அடித்ததும் ஸ்டாப்பை உடனே கேன்சல் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு தவறு, ஸ்பாட் (நடப்பு விலை) சார்ட்டில் சப்போர்ட் (விலை இறங்காமல் தாங்கும் இடம்) பார்த்து, அதே எண்ணை ஃபியூச்சர்ஸில் டிரிக்கராகப் போடுவது. ஃபியூச்சர்ஸ் 60 புள்ளி பிரீமியத்தில் (ஸ்பாட்டை விட மேலே) இருந்தால் ஸ்பாட் உடைந்த பிறகும் டிரிக்கர் தொடாது. கையிலிருக்கும் மாத கான்ட்ராக்ட்டின் சார்ட்டிலிருந்தே எண்ணை எடுங்கள். ரோல் ஓவர் (பொசிஷனை அடுத்த மாத கான்ட்ராக்ட்டுக்கு மாற்றுவது) செய்த அன்றே பழைய மாத ஜிடிடியை நீக்கிவிட்டு, புதிய கான்ட்ராக்ட்டில் மறுபடி போடுங்கள். அது தானாக மாறாது.