உள்கடலுக்கு 11 முறை: கத்தார் மணல்வெளிப் பயணங்கள் பற்றிய நீண்டகால அனுபவம்

2014 ஆம் ஆண்டு வேலைக்காகத் தோஹாவுக்கு வந்த புதிதில், பாலைவனம் என்பது காலையில் வண்டிக் கண்ணாடியில் படிந்திருக்கும் தூசி என்ற அளவிலேயே எனக்கு அறிமுகமாகியிருந்தது. ஊரிலிருந்து விருந்தினர் வரத் தொடங்கிய பிறகுதான் தெற்கே இருக்கும் மணல்வெளிக்குப் போகும் பழக்கம் ஏற்பட்டது. சூக் வாகிஃப் கடைவீதியையும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் காட்டி முடித்த மறுநாள், வந்தவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு இங்குள்ள எல்லோரிடமும் இருக்கும் விடைதான் என்னிடமும் இருந்தது. 2016 பிப்ரவரி முதல் 2024 டிசம்பர் வரை, நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளில், 11 முறை கோர் அல் அதைத் வரை போய் வந்திருக்கிறேன். முதல்முறை போனவரின் வியப்பு எனக்கு இப்போது இல்லை. ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது சற்றுத் தெளிவாகியிருக்கிறது.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தாரின் தென்கிழக்கு மூலையில், குறுகிய கால்வாய் ஒன்றின் வழியாக வளைகுடாவின் நீர் பாலைக்குள் நெடுந்தூரம் புகுந்து, பிறகு ஏரியைப்போல் அகன்று விரிகிறது. இங்குள்ளவர்கள் இதை உள்கடல் என்கிறார்கள். 2007 இல் இது இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. எதிர்க்கரை சவூதி அரேபியா. நீரோரம் போய் நின்றால் கைப்பேசி தானாகவே அந்நாட்டு இணைப்புக்கு மாறி, வரவேற்புக் குறுஞ்செய்தி அனுப்பும். தோஹாவிலிருந்து வக்ரா, மெசையீத் வழியாக வரும் தார்ச்சாலை சீலைன் கடற்கரையை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மணல்தான் பாதை என்பதால், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் வழி தெரிந்த ஓட்டுநரும் இல்லாமல் போக முடியாது.

சாலை முடியும் இடத்தில் எல்லா வண்டிகளும் நின்று டயர்களில் காற்று இறக்கும். பயணிகள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒட்டகத்தோடு படம் எடுக்கப் போய்விடுவார்கள். நான் இப்போதெல்லாம் வண்டியின் அருகிலேயே நிற்கிறேன், ஏனென்றால் ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. சாலையில் 35 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும் காற்றை 15 முதல் 18 வரை குறைக்க வேண்டும். அப்போது டயரின் பக்கச்சுவர் பிதுங்கி, அடிப்பாகம் மணலில் நீளமாகப் பதிந்து, வண்டியின் எடை பரவலாக இறங்கும். கவனமான ஓட்டுநர் நான்கு டயரிலும் அளவுகோலை வைத்துப் பார்ப்பார். ஏற்றியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பின்சக்கரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டி வைப்பார். இழுகயிறும் மண்வெட்டியும் வண்டியில் இருக்கின்றனவா என்று பின்கதவைத் திறந்து பார்ப்பார். வால்வில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போய்ச் சிகரெட் பற்றவைத்து, சீறல் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டிருந்த ஒருவரின் வண்டியிலும் ஏறியிருக்கிறேன். அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மணற்குன்றுகளின் பகுதியைப் பற்றி விளம்பரங்களே போதுமான அளவு பேசுகின்றன. விளம்பரத்தில் இல்லாத ஒன்று, அவற்றின் வடிவம். வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று மணலைத் தள்ளித்தள்ளிப் பிறைவடிவக் குன்றுகளாக்குகிறது. காற்று வரும் பக்கம் சாய்வாகவும் இறுகியும் இருக்கும், மறுபக்கம் 30 பாகைக்கும் சற்று அதிகமான சரிவில் இளகி நிற்கும். இறுகிய பக்கத்தில் ஏறி இளகிய பக்கத்தில் இறங்குவதுதான் ஆட்டம். அப்படி இறங்கும்போது வண்டியின் மூக்கு நேராகக் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் உருண்டுவிடும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஏறும்போது தெரியாது, ஏனெனில் போன வாரம் இருந்த விளிம்பு இந்த வாரம் அங்கே இருக்காது. ஆகவே நல்ல ஓட்டுநர்கள் முகட்டில் ஒருகணம் நிறுத்தி எட்டிப் பார்த்த பிறகே இறங்குகிறார்கள். நிறுத்தாமல் பாய்பவர்களுக்கு வண்டிக்குள் கூச்சலும் கைதட்டலும் கிடைக்கும். நானும் முதல் இரண்டு பயணங்களில் கைதட்டியவன்தான்.

வெளிச்சமும் முக்கியமானது. உச்சிவேளையில் நிழல் விழாததால் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளைத் துணியாகத் தெரிகின்றன. ஓட்டுபவருக்கே குழி தெரியாமல் போவதுண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு மடிப்பும் கோடு கிழித்ததுபோல் தெளிவாகிவிடும். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன் என்பதால் மணல்மேடு எனக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் தேரி செம்மண் நிறமுடையது. பனையும் உடைமரமும் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. பிடித்து நிறுத்த எதுவுமே இல்லாத மணலை இங்குதான் பார்த்தேன். நன்கு உலர்ந்த நாளில் சரிவில் உட்கார்ந்து சறுக்கினால், அடியிலிருந்து விமானம் புறப்படுவதுபோல் ஓர் உறுமல் எழும் குன்றுகளும் மெசையீத் பகுதியில் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஓசை வராது. நான் கேட்டது ஒரே ஒருமுறை.

குன்றுகளை விடக் கடலோரத்தைக் கண்டுதான் எனக்கு இப்போது பயம். அலை தொட்டுச் சென்ற ஈரமணல் தார்ச்சாலையைப்போல் இறுகியிருப்பதால் வண்டி அதில் வழுக்கிக்கொண்டு போகும். பயணத்தின் மிக இனிமையான பகுதி அதுதான். ஒருபக்கம் பச்சைநீர், மறுபக்கம் நேராக நீருக்குள் இறங்கும் மணற்சரிவு. ஆனால் ஏற்றநீர் வரும்போது அந்த இறுகிய பட்டை குறுகி, சரிவுக்கும் நீருக்கும் இடையே வண்டி சிக்கிக்கொள்ளும். அதைவிட மோசமானது சப்கா என்று இங்கே அழைக்கப்படும் உப்புத்தரை. நிலத்தடி உவர்நீர் மேலேறி ஆவியாகும்போது உப்பும் ஜிப்சமும் ஓடுபோல் இறுகிவிடுகின்றன, அந்த ஓட்டுக்குக் கீழே சேறு. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி ஓரமாகக் கால்வைத்து முழங்கால்வரை போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2019 மார்ச்சில், மேலே சொன்ன குச்சிக்காரர், பொழுது சாய்கிறது என்று சொல்லிக் கரையிலிருந்து குறுக்குவழியாக ஒரு வெள்ளைத் தரையின்மேல் வண்டியைத் திருப்பினார். நூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம். அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வண்டியின் பின்புறம் அமர்ந்துவிட்டது. அவர் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க, சக்கரங்கள் கறுஞ்சேற்றை ஜன்னல்வரை வாரியடித்து அச்சுவரை புதைந்தன. இழுகயிறு இல்லை, உடன் இரண்டாவது வண்டியும் இல்லை. என் மைத்துனரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் நானும் அழுகிய முட்டை நாற்றமடித்த அந்தச் சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு மேட்டில் ஏறி நின்றோம். மூன்று மணி நேரம் கழித்து, வேறொரு நிறுவனத்தின் வண்டி அந்தப் பக்கமாக வந்து, ஓட்டுக்கு வெளியே மணலில் நின்றபடி நீண்ட கயிற்றைப் போட்டு இழுத்தது. எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்தமுறை வரும்போது ஒட்டகச் சவாரி இலவசம் என்றார்கள். அடுத்தமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்களை இழுத்துவிட்ட வண்டியின் ஓட்டுநரிடம் மட்டும் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அவர் இலங்கையின் கல்முனையைச் சேர்ந்தவர் என்பது, சேற்றைப் பார்த்து அவர் முதலில் சொன்ன தமிழ்ச் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அதன்பிறகு நடந்த ஆறு பயணங்களும் அவரோடுதான். 2020 ஜனவரியில் என் தாயாரை அழைத்துச் சென்றபோது, வண்டியில் ஏறுமுன் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன், அம்மாவுக்கு முதுகு, கழுத்து ஏதும் வருத்தம் இருக்கா?" என்பது. தண்டுவடத் தட்டு விலகி மருத்துவம் பார்த்திருப்பதாகச் சொன்னேன். பெரிய குன்றுகள் எதிலும் ஏறாமல், குன்றுகளுக்கு இடையேயுள்ள தட்டையான தரைகளிலேயே வளைந்து வளைந்து, அரைமணி நேரம் அதிகமாக எடுத்துக்கொண்டு அவர் எங்களை உள்கடலுக்குக் கொண்டு சேர்த்தார். என் தாயார் அங்கே கணுக்கால் அளவு நீரில் நின்று, இது கடலா ஏரியா என்று கேட்டு, ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்த்து, "நம்மூரு தண்ணியவிடக் கரிக்குது" என்றார். அது உண்மைதான், மழையும் ஆறும் இல்லாமல் வெயில் மட்டும் உறிஞ்சும் நீர் அது.

இன்னொரு முறை, 2022 டிசம்பரில், உலகக் கோப்பைக்காக வந்திருந்த நண்பர்கள் நால்வர் பெரிய சரிவில் இறக்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். காலையிலிருந்து காற்று மாறி வீசியிருந்ததால் விளிம்பு கூர்ந்து நின்றது. அவர் இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "இண்டைக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னார். நண்பர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. கொடுத்த காசுக்கு வேலை நடக்கவில்லை என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அந்தக் காசே அப்படிச் சொல்லக்கூடிய ஓர் ஆளுக்காகத்தான் என்று நான் அவர்களிடம் வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

உடலைப் பொறுத்தவரை சில செய்திகள். மூன்றாவது வரிசை இருக்கை பின்னச்சுக்கு மேலேயும் அப்பாலும் இருப்பதால், அங்கே உட்கார்பவர்தான் மிக அதிகமாகத் தூக்கி எறியப்படுகிறார். நிறுவனங்கள் ஆறு பேரை ஏற்றுவதற்காகப் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிடுகின்றன, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு பேருக்குமேல் ஒரு வண்டியில் நான் இப்போது ஏறுவதில்லை. கருவுற்றிருப்பவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் குன்றேறும் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறிய என் சித்தப்பாவின் நிலையை இங்கே விவரிக்க விரும்பவில்லை. இரண்டு இட்லியும் பையில் இஞ்சி மரப்பாவும் போதும். வாந்தி வரும்போல் இருந்தால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுத் தொலைவில் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டணம் பருவத்தைப் பொறுத்து ஏறியிறங்குகிறது. அரைநாள் பயணத்துக்கு, வண்டியைப் பிறரோடு பகிர்ந்துகொண்டால், நபருக்கு 200 ரியாலை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். தனி வண்டி என்றால் பேசி முடிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கோடையில் 45 பாகை வெயிலில், குளிரூட்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். ஒட்டகச் சவாரி, பருந்தைக் கையில் வைத்துப் படம், கூடார விருந்து என்று சேர்க்கும் துணைப்பண்டங்களில் எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை. சுலைமானி தேநீர் மட்டும் விதிவிலக்கு. சீலைனில் வாடகைக்குக் கிடைக்கும் நான்கு சக்கர பைக்குகளைத் தலைக்கவசமில்லாமல் பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகளை அதில் ஏறவிடுவதில்லை. வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தாமே போக நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். நான் எடுத்த வாடகைக் கார்கள் எதிலும் மணலில் ஓட்டினால் காப்பீடு செல்லுபடியாகவில்லை.

ஒரு குறையை மட்டும் எந்த நிறுவனத்தின்மீதும் தனியாகச் சுமத்த முடியவில்லை. குன்றில் பதியும் தடத்தை அடுத்த காற்று அழித்துவிடுகிறது. ஆனால் உப்புத்தரையில் பதிந்த தடம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. 2019 இல் நாங்கள் புதைந்த இடத்தை 2021 இல் கடந்தபோது அந்தக் குழி வடுவாகத் தெரிந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் ஆழமற்ற நீர்வரை சிலர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பறவைகளைக் கிளப்பிவிட்டுப் படமெடுக்கிறார்கள். கல்முனைக்காரர் அப்படிப்பட்ட இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு எங்களை நடக்க விடுகிறார். நடக்க முடியாதவர்கள் தூரத்திலிருந்து பார்க்கட்டும் என்பது அவர் வாதம். என் தாயாரும் அப்படித்தான் வண்டியிலிருந்தே பார்த்தார்.

அடுத்ததாக, என் தம்பி குடும்பத்தோடு வருகிறான். இரண்டு வண்டிகள், மூன்றாம் வரிசை காலி, பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பாடு என்று கல்முனைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். வாடகையைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. அன்றைய ஏற்றநீர் மாலை ஐந்தரைக்கு என்றும், கரையோரமாகத் திரும்ப வேண்டுமானால் ஒரு மணிக்கே புறப்பட வேண்டும் என்றும் பதில் வந்தது.